நோயாளியின் சொல்லும் நமது கடமையும்

கண்ணால் காண்பதை நம்புவது எவருக்கும் எளிது. கால் முறிந்து கட்டுப் போட்டுக் கிடப்பவரிடம், வலிக்கு யாரும் சாட்சி கேட்பதில்லை. வெளியே ஒரு காயமும் இல்லாத ஒருவர், "சிவப்பு நிறம் எனக்கு வெளிறித் தெரிகிறது, கால் மரத்துப் போகிறது" என்றால் அந்தச் சொல்லை நாம் எப்படி எடுத்துக் கொள்வது? பிறர் உடம்பினுள் நாம் புகுந்து பார்க்க இயலாது. அங்கிருந்து செய்தி கொண்டு வருவது அவருடைய நாவு ஒன்றே. அதை நம்புவது நமது தயாள குணமா, அல்லது நம்மீதுள்ள கடமையா?

இக்கேள்விக்கு உரைகல்லாக ஓர் அபூர்வ நோயை எடுத்துக் கொள்வோம். நியூரோமைலிடிஸ் ஆப்டிகா என்பது அதன் பெயர். நோய்க்கிருமிகளை எதிர்த்துப் போராட அல்லாஹ் நம் உடம்பில் ஒரு காவற்படையை அமைத்திருக்கிறான். இந்நோயில் அக்காவற்படையே தன் சொந்த வீட்டைப் பகைவன் வீடென்று எண்ணித் தாக்குகிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் நீர் போய்வர அக்வாபோரின்-4 என்ற நுண்ணிய வாயில்கள் உள்ளன. பெரும்பாலான நோயாளிகளிடம் அவ்வாயில்களைக் குறிவைத்தே தாக்குதல் நடக்கிறது. பார்வை நரம்பும் தண்டுவடமும் முதன்மையாகப் பாதிக்கப்படுகின்றன. ஆண்களைவிடப் பெண்களிடமே இது மிக அதிகமாகக் காணப்படுகிறது.

இதன் அறிகுறிகளைத் தாய்மார்கள் கவனித்து வைப்பது நலம். கண்ணை அசைத்தால் வலி. சில நாட்களுக்குள் பார்வை மங்குதல். கை கால்கள் மரத்தல் அல்லது வலுவிழத்தல். சிறுநீர் கழிப்பதில் தடை. சிலருக்கு இவற்றுக்கெல்லாம் முன்னதாக, வேறு காரணம் எதுவும் புலப்படாமல், விக்கலோ வாந்தியோ நாட்கணக்கில் நிற்காமல் தொடரும். அது வயிற்றுக் கோளாறன்று; மூளையின் அடிப்பகுதியில் ஏற்பட்ட அழற்சியின் விளைவு.

இங்குதான் சிக்கல் பிறக்கிறது. விக்கலுக்கு ஓமத் தண்ணீர், கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்குத் தைலம் என்று தனித்தனியே கைவைத்தியம் நடக்கும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே மாதங்கள் கழிந்திருக்கலாம். மூன்றும் ஒரே நோயின் முகங்கள் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. நோயுற்றவள் மருமகளாக இருந்துவிட்டால், "வேலைக்குக் கள்ளம்" என்றொரு பேச்சும், "காற்று கருப்பு" என்றொரு பேச்சும் கிளம்பிவிடும்.

பாமரரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. பிரான்சு நாட்டின் லியோன் நகர மருத்துவர் யூஜின் டெவிக் இந்நோயை 1894-இல் விவரித்தார். அதன் பின்னரும் நெடுங்காலம் மருத்துவ உலகில் பலர் இதை மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் என்ற வேறொரு நோயின் ஒரு வகையென்றே கருதி வந்தனர். இந்நோய்க்கே உரிய எதிர்ப்பொருளை இரத்தத்தில் கண்டுபிடித்த செய்தி 2004-இல்தான் வெளியாயிற்று. இடையில் கழிந்தவை 110 ஆண்டுகள்! பெயர் மாறினால் என்ன என்று கேட்க வேண்டாம். அந்த வேறு நோய்க்குரிய மருந்துகளில் சில, இந்நோயை மோசமாக்கக் கூடியவை. ஒவ்வொரு தாக்குதலும் பார்வையிலோ நடையிலோ நிரந்தரக் குறையை விட்டுச் செல்லக்கூடும். ஆகவே அறிந்து கொள்வதில் ஏற்படும் தாமதம் வெறும் அறியாமையோடு முடிவதில்லை. அது ஒருவரின் கண்ணைப் பறிக்கும் தீங்காகவும் முடிகிறது.

நமது மார்க்கம் நோயாளியின் சொல்லுக்குத் தரும் மதிப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழலாம்; அதுவும் இயலாவிடில் படுத்துத் தொழலாம். நோன்பைப் பிற்படுத்தவும் நோயாளிக்கு அனுமதியுண்டு. இச்சலுகைகள் அவருடைய சொந்த அனுபவத்தையும், நம்பத்தக்க மருத்துவரின் சொல்லையும் ஆதாரமாகக் கொண்டவை. "நிற்க முடியவில்லை" என்பவரை எழுப்பி நிறுத்திப் பார்க்கும்படி ஃபிக்ஹு நூல்கள் நமக்குச் சொல்லவில்லை. ஃபர்ளான வணக்கத்திலேயே ஏற்றுக் கொள்ளப்படும் அச்சொல்லை, அடுப்படி வேலையில் ஏற்க மாட்டோம் என்பது என்ன நியாயம்?

பொய்யாக நோய் பாராட்டுவோரும் உண்டல்லவா என்று சிலர் கேட்கலாம். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இரு தவறுகளையும் தராசில் வைத்துப் பாருங்கள். பொய்யரை நம்பினால் நமக்கு ஒருநாள் உழைப்பும் கொஞ்சம் பணமும் நட்டம். மெய்யரை நம்ப மறுத்தால் அவருக்குப் பார்வையே நட்டம். முந்தியதை ஈடு செய்யலாம்; பிந்தியதை நம்மால் திருப்பித் தர முடியாது.

துன்பம் வந்தது பாவத்தின் அடையாளம் என்று தீர்ப்பளிக்கவும் நமக்கு உரிமையில்லை. அய்யூப் நபி (அலை) அவர்களின் நோய் பாவத்தின் சம்பளமா? நோயாளியிடம் பொறுமையை எடுத்துச் சொல்வது நல்லதே. ஆயின் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லாமல் பொறுமையை மட்டும் உபதேசிப்பது, நமது சோம்பலை அவர் தலையில் சுமத்துவதாகும்.

நம்புவது என்றால் நோயின் பெயரை நாமே முடிவு செய்வதன்று. எல்லாக் கண்வலியும் எல்லா விக்கலும் இந்நோயாகிவிடாது. நடந்தவற்றைத் தேதியோடு குறித்து வைத்து, பழைய விக்கலையும் மறவாமல் நரம்பியல் மருத்துவரிடம் சொல்வதே நம் பங்கு. இரத்தப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ. படமும் உண்மையைத் தெளிவுபடுத்த உதவும். தாக்குதலின் தொடக்கத்திலேயே ஸ்டெராய்டு மருந்தை நரம்பு வழி ஏற்றுவார்கள். தேவையானால் இரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றுவார்கள். மறுபடி தாக்காமல் தடுக்கும் மருந்துகளும் இன்று உள்ளன. ரமளானை முன்னிட்டும்கூட இம்மருந்துகளைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஸ்டெராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

எனவே நோயாளியின் சொல்லை நம்புவது, விருப்பமிருந்தால் செய்யும் உபகாரமன்று. அது அவருக்கு நம்மிடமுள்ள ஹக்கு. இன்றிரவு நம் வீட்டில் யாரேனும், "எனக்கு என்னவோ செய்கிறது" என்றால், "உனக்கென்ன கேடு?" என்று கேட்பதை விட்டு, "எங்கே, எப்போதிருந்து?" என்று கேட்போமாக! நோயுற்ற அனைவருக்கும் வல்ல நாயன் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.