யார் சாரதி?

கணவனுக்கும் கார் ஓட்டத் தெரியும், மனைவிக்கும் தெரியும். இருவருமாக வெளியூர் புறப்படுகிறார்கள். வண்டியை யார் ஓட்டுவது?

இது ஒரு கேள்வியா என்று வாசகர்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் கதைகளில் எத்தனையோ தம்பதிகளை ரயில் ஏற்றியிருக்கிறேன். மனஸ்தாபத்தோடு பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். ஒரு நாவலில் ஓடும் காரிலேயே அவர்களைப் பிரிய வைத்திருக்கிறேன். அவர்களில் யார் ஓட்டினார்கள் என்று இப்போது புரட்டிப் பார்த்தால், எல்லாக் கதையிலும் ஆண்தான் ஓட்டுகிறான். நான் யோசித்து அப்படி எழுதவில்லை. பேனா தானாகவே அவனை வலப்பக்கம் உட்கார வைத்துவிட்டது.

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். என் மனைவி முப்பத்திரண்டாவது வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, ஒரு மாதம் எல் போர்டு மாட்டிய வண்டியில் வியர்த்து விறுவிறுத்துக் கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் கிண்டிக்கு அலுவலகம் போகிறாள். காலை ஒன்பது மணிக்குச் சென்னையின் நெரிசலில் வண்டி ஓட்டுகிறவருக்கு உலகில் எந்தச் சாலையும் பெரிய காரியமில்லை. நானோ வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவன். வாரத்துக்கு இரண்டு முறை காய்கறிக் கடைக்கும் நூல் நிலையத்துக்கும் ஓட்டினால் அதிகம். ஆனாலும் ஊருக்குப் புறப்படுகிற நாளில் சாவி என் கைக்கு வந்துவிடும். அவள் அடுப்பை அணைத்தாளா என்று இன்னொரு தடவை பார்த்து, கதவைப் பூட்டி, தண்ணீர்ப் பாட்டிலோடு இறங்கி வருவதற்குள் நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருப்பேன். யாரும் தீர்மானம் போடவில்லை. ஓட்டெடுப்பு நடக்கவில்லை. ஆனால் முடிவு மட்டும் எப்படியோ ஆகியிருந்தது.

சாயங்கால வேளையில் எந்தச் சின்ன ஊரின் கடைத்தெருவிலும் நின்று பாருங்கள். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, பாங்குக்குப் போய், காஸ் புத்தகத்தோடு அலைந்து திரும்பிய ஸ்கூட்டர் அது. அவளுடைய ஸ்கூட்டர். மாலையில் கணவன் வந்து அதன் அருகில் நின்றதும், அவள் சற்றும் யோசிக்காமல் பின்னால் நகர்ந்து உட்காருகிறாள். அவன் கேட்கவில்லை, அவளும் கொடுத்ததாக நினைக்கவில்லை.

சவுதி அரேபியாவில் 2018 ஜூன் 24 வரைக்கும் பெண்கள் கார் ஓட்டக் கூடாது என்று தடை இருந்தது. நமக்கு அந்தத் தடை என்றைக்கும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் வசந்தகுமாரி என்ற பெண்மணி 1993-ல் அரசுப் பேருந்தின் ஓட்டுநராகவே பணியில் சேர்ந்தார். ஜனங்களும் அந்தப் பேருந்தில் ஏறித்தான் போனார்கள். அப்படியிருந்தும் எனக்குத் தெரிந்த வீடுகளில் நாலைந்து பெண்களின் லைசென்ஸ், பட்டுப் புடவைகளுக்கு அடியில் பீரோவில் தூங்குகிறது. விசாரித்தால், "அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பிரேக், பிரேக் என்று கத்துவார், எதற்கு வம்பு?" என்கிறார்கள்.

கத்துகிறவர்களைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. ஓட்டுவதைவிட, பிறர் ஓட்டும்போது பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் கடினமான வேலை. இடப்பக்கம் உட்கார்ந்தவருக்கு வலது காலடியில் பிரேக் கிடையாது. ஆனாலும் அந்தக் கால் தரையை அமுக்கிக்கொண்டே இருக்கும். என் மனைவி எட்டு ஆண்டுகளாக அப்படி எத்தனை முறை அமுக்கியிருப்பாளோ, எனக்குத் தெரியாது. அவள் கத்தியதில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருக்கிற கனவான் பின் ஆசனத்தில் சாய்ந்துகொண்டு பத்திரிகை படிக்கிறார். அவரைப் பார்த்து யாரும், "பாவம், ஓட்டத் தெரியாதவர்" என்று சொல்வதில்லை. அது அவருக்குக் கௌரவம். பழைய நாளில் தேரில் போன அரசனுக்கும் அப்படியே. கயிற்றைப் பிடித்தவன் பாகன், அவனுக்குப் பின்னால் நின்றவனே தலைவன். ஆனால் அதே கனவான், ஞாயிற்றுக்கிழமை டிரைவர் லீவில் போன சமயம் மனைவியை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காரட்டும். தெரு முனையில் நிற்கிற நாலு பேரின் பார்வை அவரை என்னவோ செய்யும். கூலிக்கு ஒருவனிடம் உயிரை ஒப்படைத்தால் அந்தஸ்து. கட்டிய மனைவியிடம் ஒப்படைத்தால் தாழ்வு. இதற்கு நியாயம் கண்டுபிடிக்க நானும் முயன்று பார்த்தேன். கிடைக்கவில்லை.

என்னை இந்த யோசனையில் தள்ளியது ஒரு சைக்கிள்.

2023-ஆம் ஆண்டு பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு லால்குடிப் பக்கத்திலுள்ள என் மனைவியின் ஊருக்குப் புறப்பட்டோம். மதியமே கிளம்பியிருக்க வேண்டியவர்கள். நான் ஒரு கட்டுரையை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித் தாமதம் செய்தேன். செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் ஊரே வெளியூர் கிளம்பிய மாதிரி வண்டிகள். விழுப்புரம் தாண்டும்போது நன்றாக இருட்டிவிட்டது.

இருட்டில் எனக்குச் சில காலமாகவே கண் கூசும். நாற்பதைக் கடந்தவர்களுக்கு வெள்ளெழுத்து வருவது எல்லோருக்கும் தெரியும். அதோடு, எதிர்வெளிச்சம் பட்டுக் கலங்கிய பார்வை மறுபடி தெளிவதற்கும் வயதாக ஆக அதிக நேரம் பிடிக்கும் என்று கண் டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். மனைவியும் அந்த அறையில்தான் இருந்தாள். உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்க நிறுத்தினபோது, "நான் கொஞ்ச தூரம் ஓட்டட்டுங்களா?" என்று கேட்டாள். "வேண்டாம், நீ தூங்கு" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். அவளும் அன்பாகத்தான் விட்டுவிட்டாள்.

வேப்பூரைத் தாண்டிய பிறகு ஓரிடம். சாலையின் நடுத்திட்டில் அரளிச் செடிகள் பட்டுப்போய் இடைவெளி விட்டிருந்தது. எதிர்ச்சாரியில் வந்த லாரியின் வெளிச்சம் அந்த இடைவெளி வழியாக முகத்தில் அறைந்தது. பிறகு எல்லாம் ஒரே வெண்மை. வண்டி எண்பது கிலோ மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர்; மூன்று விநாடி கண் தெரியாவிட்டால் 66 மீட்டர். அத்தனை தூரத்தை நான் பார்க்காமலே கடந்திருக்கிறேன். "ஏங்க, சைக்கிள்!" என்று அவள் குரல் கேட்டது. வலப்புறம் ஒடித்தேன். புல்லுக்கட்டை ஏற்றிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, விளக்கில்லாமல் ஒரு கிழவர் ஓரமாக நடந்துகொண்டிருந்தார். எங்கள் பக்கத்துக் கண்ணாடியில் புல் உரசியது. பின்னால் வேறு வண்டி வராதது யார் செய்த புண்ணியமோ!

ஓரமாக நிறுத்தினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து என் கதவருகில் நின்றாள். அவ்வளவுதான். கிழவர் எங்களைக் கடந்து போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் உயிர் எவ்வளவு தூரத்தில் போயிற்று என்பது அவருக்குத் தெரியாது.

தொழுதூர், பெரம்பலூர், பாடாலூர் என்று ஊர்கள் போய்க்கொண்டிருந்தன. நான் இடப்பக்கம் உட்கார்ந்து, கால் நடுக்கம் அடங்கியதும் நினைத்துப் பார்த்தேன். யார் ஓட்டுவது என்பதைக் கணவன் மனைவிக்குள் தீர்ந்துபோகிற விஷயமாக எண்ணியிருந்தேனே! அவள் எனக்கு விட்டுக்கொடுக்கிறாள். நான் அவளைச் சிரமப்படுத்தாமல் இருக்கிறேன். இரண்டும் அழகான பண்புகள். வீட்டுக்குள் இப்படி எவ்வளவோ விட்டுக்கொடுக்கலாம். பெரிய மாம்பழத் துண்டை அவள் எனக்கு வைத்தால் இழப்பு அவளுடையது. ஆனால் உளுந்தூர்பேட்டையில் அவள் எனக்கு விட்டுக்கொடுத்ததற்கு விலை கொடுக்க இருந்தவர் யார்? புல்லுக்கட்டுக்காரர். எங்கள் தாம்பத்தியத்தின் இங்கிதத்தில் அவருக்கு என்ன பங்கு? அவரை யாராவது கேட்டோமா? பிறத்தியார் பணத்தை எடுத்து ஒருவருக்கொருவர் பரிசு வாங்கிக் கொடுத்துக்கொள்கிற தம்பதிகள் போல நாங்கள் நடந்துகொண்டிருக்கிறோம்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் லைசென்ஸைத்தான் கேட்கிறது. கணவனா, மனைவியா என்று கேட்பதில்லை. ஆனால் இரண்டு லைசென்ஸ் உள்ள வண்டியில் எது நல்ல லைசென்ஸ் என்று அந்தந்த இரவில் தீர்மானிக்கச் சட்டத்துக்குக் கண் கிடையாது. அந்தக் கண் எங்கள் இருவருக்கும்தான் உண்டு. எனக்கு மங்கலாகத் தெரிந்தது. அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாளே, அவள் மேல் தவறில்லையா என்று ஒரு கணம் எனக்குக் கோபம்கூட வந்தது. குற்றவாளிக்கு வருகிற கோபம்! ஒரு தடவை கேட்டதே, எட்டு ஆண்டுகளின் பழக்கத்தை மீறி அவள் எடுத்து வைத்த அடி. இரண்டாவது அடியை நான் வைத்திருக்க வேண்டும்.

மனம் எங்கெங்கோ போயிற்று. தசரதன் போர்க்களத்தில் சோர்ந்து விழுந்தபோது கைகேயி அவனைத் தேரில் காப்பாற்றிக் கொண்டுவந்தாள். கணவனின் தேரை மனைவி ஓட்டிய கதை என்று அதைக் கதாகாலட்சேபங்களில் ரசமாகச் சொல்லுவார்கள். எனக்கென்னவோ, அவன் செய்த பிழை அதற்காக இரண்டு வரம் கொடுத்ததுதான் என்று தோன்றுகிறது. மனைவி தேரோட்டியதைக் கடனாகக் கணக்கில் எழுதினான். கடன் வட்டியோடு வந்து வாசலில் நின்றது. "நன்றி, நன்றாக ஓட்டினாய்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் ராமனுக்குக் காடு இல்லை. நமக்கு ராமாயணமும் இல்லை என்பது வேறு விஷயம்.

மோட்டார் வண்டியின் ஆதி சரித்திரத்திலும் ஒரு மனைவி உண்டு. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தான் செய்த வண்டியை நெடுந்தூரம் ஓட்டிப் பார்க்காமல் இருந்தார். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்தா, கணவரிடம் முன்கூட்டிச் சொல்லாமல் இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். நூறு கிலோ மீட்டருக்கு மேல் தூரம். வழியில் எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கினாள். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தாள். மேட்டில் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். போய்ச் சேர்ந்த பிறகு கணவருக்குத் தந்தி போயிற்று. காரில் உலகம் அறிந்த முதல் நெடும் பயணத்தில், யார் ஓட்டுவது என்ற கேள்வி இப்படித் தீர்ந்திருக்கிறது. அவளும் தாய் வீட்டுக்குத்தான் போனாள் என்பது எனக்கு அன்றிரவு நினைவுக்கு வந்தது.

சமயபுரம் தாண்டி, பிரதான சாலையை விட்டு இறங்கி, ஊர் எல்லையிலுள்ள அய்யனார் கோயில் அருகே வந்ததும் அவள் வண்டியை நிறுத்தினாள்.

"நீங்க ஓட்டுங்க. அப்பா வாசல்ல நிப்பாரு."

எதுவும் பேசாமல் மாறி உட்கார்ந்தேன். பின்னாலிருந்து என் மகள் தூக்கக் கலக்கத்தில், "அம்மா ஏம்ப்பா இறங்கினாங்க?" என்றாள். பத்து வயதுப் பெண்ணுக்கு எதைச் சொல்வது? "வீடு வந்தாச்சும்மா" என்றேன்.

அந்த அரைக் கிலோ மீட்டரில் தெரு விளக்குகள் இருந்தன, வண்டி ஊர்ந்துதான் போயிற்று, யாருக்கும் ஆபத்தில்லை. ஆகவே அது வெறும் மரியாதை, தப்பில்லை என்று வாதாடலாம். ஆனால் உளுந்தூர்பேட்டையில் என்னைச் சாவியை விடாமல் பிடித்துக்கொள்ளச் செய்ததும் இந்த அரைக் கிலோ மீட்டர்தான் என்று எனக்குப் பட்டது. வாசலில் நிற்கிற மாமனாரின் பார்வை அங்கிருந்து நூற்றிருபது கிலோ மீட்டருக்கு நீண்டு, வேப்பூர் இருட்டில் என் கையைப் பிடித்திருந்தது.

அவசரத்தில் ஆசனத்தைப் பின்னால் தள்ள மறந்துவிட்டேன். என் மனைவி என்னைவிட ஒரு சாண் குட்டை. முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடிக்க, மடக்குக் கத்தி மாதிரி நான் உட்கார்ந்து வந்ததையும், கதவைத் திறந்து கஷ்டப்பட்டு வெளியே வந்ததையும் மாமனார் லாந்தர் போலப் பிரகாசித்த தம் புது டார்ச் விளக்கின் ஒளியில் பார்த்தார். "வாங்க மாப்பிள்ளை" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் மாலை திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது நானாகவே சைக்கிள் விஷயத்தைச் சொன்னேன். அவர் வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம் மாட்டு வண்டிக் காலத்தை ஆரம்பித்தார்.

"லால்குடிக்கு நெல்லு போட்டுட்டு ராத்திரி திரும்புவோம். நான் முன்னால கயித்தைப் புடிச்சுகிட்டு உக்காந்திருப்பேன். ஒங்க அத்தை பின்னால. கொள்ளிடக் கரை வர்றதுக்குள்ள நான் தூங்கிடுவேன். மாட்டுக்கு வழி தெரியும். ஆனா எதிர்ல வண்டி வந்தா மாடு என்ன பண்ணும்? வண்டிக்குக் கீழ கட்டின லாந்தர் எரியுதா, எதிர்ல என்ன வருதுன்னு பூராவும் அவதான் பாத்துகிட்டு வருவா. முதுகுல தட்டுவா. நான் கயித்தை இழுப்பேன். ஊருக்குள்ள நுழையறப்ப முழிச்சுகிட்டு மாட்டை அதட்டுவேன்." சிரித்தார். "கயிறு என் கையில. கண்ணு அவளோடது."

உள்ளே சமையலறையில் அத்தை யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்.

நாங்கள் புறப்பட்ட அன்று மணி மூன்று. உளுந்தூர்பேட்டை வரைக்கும் வெளிச்சம் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். "உளுந்தூர்பேட்டையில மாத்திக்கலாம். அங்கேருந்து நீ ஓட்டிடு" என்று மனைவியிடம் சொன்னேன், மாமனார் காதிலும் விழும்படியாக. குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. எதிர்த் திண்ணைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

மாமனார் பூசணிக்காயை டிக்கியில் சாக்கு போட்டு உருளாமல் வைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "இருட்டினா அவ ஓட்டட்டும் மாப்பிள்ளை. அதை ஏன் இப்படிக் கத்திச் சொல்றீங்க?" என்றார்.