ஏமாந்தவனே ஏமாற்றியவனும் ஆனால்

பேளுக்குறிச்சி என்ற ஊருக்கு ஓர் இளைஞன் மியான்மரிலிருந்து திரும்பி வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். கொல்லிமலை மிளகு இறங்கும் சந்தையில் அவன் தலை தெரிந்தால், ‘எவ்வளவு சம்பாதிச்சே?’ என்று முகத்துக்கு நேராகக் கேட்பார்கள். அவன் நகர்ந்த பிறகு இன்னொன்று வரும்: ‘அங்க போயி ஜனங்களை ஏமாத்துற வேலைதானே பார்த்தானாம்?’ பின்னதை வெறும் வம்பு என்று தள்ளிவிட முடியாது.

இளைஞன் கற்பனை; நிலைமை கற்பனையல்ல. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஏஜென்ட் சொன்னதை நம்பிப் பாங்காக்கில் இறங்கியவர்களை மே சோட் வரை காரில் கொண்டுபோய், மோய் ஆற்றைக் கடக்கவைத்து, மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கம்பெனிகளுக்குள் அடைத்தார்கள். 2022 அக்டோபரில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்கள் 549 இந்தியர்களை அழைத்துவந்தன. மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் கணக்கிட்டது. உள்ளே வேலை இதுதான்: அழகான பெண்ணின் படத்தைப் போட்டுப் போலிக் கணக்கு, நாளெல்லாம் சாட், பழக்கம் முற்றியதும் கிரிப்டோவில் பணம் போடச் சொல்லி ஆசை காட்டுவது. டார்கெட் முடியாத நாளில் அடி, பட்டினி, மின் அதிர்ச்சி.

சட்டம் இங்கே இரு குரலில் பேசுகிறது. ஆள் கடத்தலைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது பொருட்டல்ல என்கிறது. மிரட்டலுக்குப் பணிந்து செய்த குற்றத்தைப் பற்றிய 32ஆம் பிரிவோ, அந்தக் கணமே உயிர் போகும் என்ற அச்சம் இருந்தால்தான் விலக்கு அளிக்கிறது. மின் அதிர்ச்சி அந்த வரம்புக்குள் வருமா? மூன்று நாள் பட்டினி வருமா? தானாகப் போய் அந்த நிலையில் மாட்டிக்கொண்டவனுக்கு விலக்கு இல்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. விமானம் ஏறியது அவன்தானே என்று ஒரு வழக்கறிஞர் வாதாடினால் என்ன செய்வது?

மறுபக்கம், ஓய்வூதியப் பணம் முழுவதையும் இழந்த ஓர் ஆசிரியரை நினைக்க வேண்டும். தன்னிடம் கனிவாகப் பேசிய விரல்கள் அடிக்குப் பயந்தவை என்று தெரிந்தால் அவருக்குப் பணம் திரும்பிவிடாது. அவருடைய கோபம் நியாயம். ஆனால் அதைக் காட்டித் திரும்பி வந்தவனுக்கு உதவியை மறுத்தால் ஆசிரியருக்கு என்ன கிடைத்துவிடும்? பணம் போனது கம்பெனி நடத்தியவனிடம்.

அதனால் உதவியும் விசாரணையும் வேறு வேறு கணக்குகளாகவே இருக்க வேண்டும். இருப்பிடம், மருத்துவம், மனநல ஆலோசனை, வேலைப் பயிற்சி ஆகியவற்றைப் பரிசீலிக்கச் சொல்லும் ஐ.நா. ஆள் கடத்தல் நெறிமுறையை இந்தியா 2011இல் ஏற்றது. சாட்சி சொன்னால்தான் உதவி என்று பேரம் பேசுவது இன்னொரு டார்கெட் வைப்பதற்குச் சமம். நடந்ததை அவன் சொல்லத்தான் வேண்டும், ஆனால் அது உதவிக்குக் கொடுக்கும் விலையாக இருக்கக் கூடாது.

கடன்தான் எல்லாவற்றையும் விடக் கனமானது. ஏஜென்டுக்குக் கொடுக்க அம்மாவின் நகை அடகுக்குப் போயிருக்கும், மேற்கொண்டு வட்டிக்கும் வாங்கியிருப்பார்கள். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், அடிமையாக்கிய கடனையே ரத்து செய்தது. கடன் உயிரோடு இருக்கும்வரை விடுதலை பெயரளவுதான் என்று அன்றே புரிந்திருந்தது. மியாவாடியிலிருந்து வந்தவனின் கடனோ உள்ளூர் வட்டிக்காரரிடம் இருக்கிறது. அவருக்கும் கடத்தலுக்கும் தொடர்பில்லை. அவரை நஷ்டப்படச் சொல்வதும் அநியாயம். அதை அரசு ஏற்க வேண்டும், குறைந்தபட்சம் வட்டியையாவது. இல்லையென்றால் அடுத்த ஏஜென்ட் வீட்டு வாசலில் நிற்பான்.

இத்தனைக்கும் அடங்காத ஒருவன் உண்டு. ‘உனக்குப் பதில் ஆள் பிடித்துக் கொடுத்தால் விடுகிறோம்’ என்று கம்பெனியில் சொன்னதும் பக்கத்துத் தெருப் பையனை வரவழைத்துவிட்டு வெளியேறியவன். அவன் மீது வழக்கு வேண்டும், சிகிச்சையும் வேண்டும். ஒன்று மற்றொன்றை ரத்து செய்யாது. ஆனால் அந்தப் பையனின் தாயிடம் இந்தத் தர்க்கத்தை எடுத்துக்கொண்டு போக முடியாது, போகவும் கூடாது. அவனுக்கு ஆலோசகரை அனுப்பும் அரசு அவளுடைய வீட்டுக்கும் ஆள் அனுப்பட்டும். அவனை மன்னிக்கச் சொல்ல அல்ல, மகன் எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில் இருந்தான் என்று அவனிடம் கேட்டறிந்ததைச் சொல்ல.