அரை கிரவுண்டு யோகம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசி வேனில் ஏறி மனை பார்க்கப் போனேன். வாங்கும் உத்தேசம் எனக்கு இல்லை. மைத்துனன் துடியாய்த் துடித்தான், அவனுக்குத் துணையாகப் போனேன். ஏசி வேன், தண்ணீர் பாட்டில், மதியம் பிரியாணி. கேளம்பாக்கம் தாண்டி உள்ளே திரும்பினால் செம்மண் ரோடு, சுண்ணாம்படித்த எல்லைக் கற்கள், வாழை மரம் கட்டிய வளைவு. விற்பனைக்கு நின்ற தம்பி மூச்சுவிடாமல் பேசினான். "கிழக்குப் பார்த்த மனை ரெண்டுதான் சார் பாக்கி. சதுர அடிக்கு நூறு ரூபா கூட." சூரியனுக்கு விலைப்பட்டியல் போட்டவர்கள் உலகத்தில் நாம் மட்டும்தான் இருப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவன் சிறுசேரிப் பக்கம் கையை நீட்டினான். "அந்தப் பக்கம் பூரா டேட்டா சென்டர் சார். இன்னும் வரிசையா வருது. மூணு வருஷத்துல ரேட் டபுள்."

"அதுல எத்தனை பேர் வேலை செய்வாங்க தம்பி?"

"ஆயிரக்கணக்குல சார்."

மைத்துனன் என் காதோரம் வந்தான். "நமக்கு யோகம் இருந்தா ஏறும் மாமா."

யோகமா? ஒரு துண்டு நிலத்தின் விலை ஏறுகிறது என்றால் யாரோ, எதற்காகவோ, கூடுதல் பணம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்று பொருள். அந்த யாரோ யார்? எதற்காகக் கொடுக்கிறார்? கத்தரிக்காய் கிலோ பத்து ரூபாய் ஏறினால் காரணம் கேட்டுக் கடைக்காரரை உலுக்குகிறோம். முப்பது லட்சத்தைக் கொட்டும்போது மட்டும் காரணத்தைக் கிரகத்திடம் ஒப்படைத்துவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போகிறோம்.

டேட்டா சென்டர்கள் இங்கே வருவதற்கான காரணங்கள் தெளிவாகவே இருக்கின்றன. சென்னையின் கரையில் கடலடிக் கேபிள்கள் ஏறுகின்றன. சிங்கப்பூரிலிருந்து வரும் ஐ2ஐ 2002இல் வந்தது, அதன் பின்னாலேயே மற்றவையும் வந்தன. பணப் பரிமாற்றத் தகவல்களை இந்தியாவுக்குள்ளேயே வைக்க வேண்டும் என்று 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி சொன்னது. தமிழ்நாடு அரசு 2021இல் டேட்டா சென்டருக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டு மின்வரி முதலானவற்றில் சலுகை தந்தது. அடுத்த ஆண்டே ஒன்றிய அரசு, 5 மெகாவாட்டுக்கு மேற்பட்ட டேட்டா சென்டர்களை உள்கட்டமைப்புப் பட்டியலில் சேர்த்துக் கடன் வாங்கும் வழியை எளிதாக்கியது. ரிலையன்ஸ், புரூக்ஃபீல்ட், டிஜிட்டல் ரியால்டி மூன்றும் கூட்டுச் சேர்ந்து 2024 ஜனவரியில் அம்பத்தூரில் ஒரு வளாகம் திறந்தன. இப்போதைக்கு 20 மெகாவாட், வளர வளர 100. இவை பொய்யில்லை. பணம் உண்மையாகவே வருகிறது. ஆனால் உங்கள் அரை கிரவுண்டுக்கு வருமா?

ஓஎம்ஆரில் மென்பொருள் கம்பெனிகள் வந்தபோது விலை ஏன் ஏறியது? ஆட்கள் வந்தார்கள். ஐயாயிரம் பேர் வேலை செய்யும் கட்டடத்துக்கு ஐயாயிரம் வயிறு. பிஜி, மெஸ், டீக்கடை, ஷேர் ஆட்டோ, அப்புறம் கல்யாணம், அப்புறம் ரெண்டு பெட்ரூம் வீடு. சர்வருக்குக் கல்யாணம் ஆகாது. அது டீ குடிக்காது, வாடகைக்கு வீடு தேடாது, பிள்ளையை ஸ்கூலில் சேர்க்காது. கட்டடம் எழும்பும்வரை ஆயிரக்கணக்கில் ஆள் தேவைதான், அவர்களும் பெரும்பாலும் தகரக் கொட்டகையில் தங்கும் வடமாநிலத் தொழிலாளிகள். கட்டி முடித்தபின் காவலாளி, மின்பணியாளர், டெக்னீஷியன் என்று ஷிப்டுக்குச் சில பத்துப் பேர் போதும். அந்தத் தொழிலுக்கு வேண்டியது ஒரே பரப்பாகப் பல ஏக்கர், இரண்டு பக்கமிருந்து உயர் அழுத்த மின்தொடர்பு, ஃபைபர் போகும் பாதை. இந்த மூன்றும் உள்ள நிலத்துக்குத்தான் மவுசு. 1,200 சதுர அடிக்கு எந்த கிளவுட் கம்பெனியும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டப்போவதில்லை. 'டேட்டா சென்டர் அருகில்' என்று துண்டுப் பிரசுரத்தில் போடுவது புது ஜாதகம். பழைய ஜாதகக்காரர் நூறு ரூபாயோடு விட்டுவிடுவார்.

நல்லது, நீங்கள் விவரமானவர். மனையை விட்டுவிட்டு, டேட்டா சென்டர் கட்டடங்களை வைத்து வாடகையைப் பங்கிட்டுத் தரும் ரெய்ட் யூனிட்டோ மியூச்சுவல் ஃபண்டோ வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டிஜிட்டல் ரியால்டியும் ஈக்வினிக்ஸும் அமெரிக்கச் சந்தையில் ரெய்ட்தான். சிங்கப்பூரில் கெப்பல் டிசி ரெய்ட் 2014 முதல் இருக்கிறது. லாபம் வரலாம். வந்தால் நீங்கள் அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர்களில் ஒருவர். அந்தக் கட்டடம் என்ன குடிக்கிறது என்று உங்களைக் கேட்காமல் யாரைக் கேட்பது?

ஒரு கணக்கு போடுவோம், பத்தாம் வகுப்பு இயற்பியல் போதும். சர்வர் இழுக்கும் கரண்ட் எல்லாம் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். ஒரு மெகாவாட் என்றால் மணிக்கு ஆயிரம் யூனிட். அந்தச் சூட்டை முழுக்கத் தண்ணீரை ஆவியாக்கியே விரட்டுவதென்றால் மணிக்குச் சுமார் 1,500 லிட்டர் வேண்டும், நாளுக்கு 36,000. பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் மூன்று. இருபது மெகாவாட்டுக்கு அறுபது லாரி, தினமும். இந்தத் தண்ணீர் சாக்கடைக்குக்கூடத் திரும்பாது, காற்றோடு போய்விடும். காற்றால் குளிர்விக்கும் முறையும் உண்டு. அது தண்ணீரைக் குறைக்கும், கரண்டைக் கூட்டும். கரண்ட் கணக்கைப் பாருங்கள்: ஒரு மெகாவாட் இரண்டு மாதத்துக்கு 14,40,000 யூனிட். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரிக்கும் வீடுகள் என்றால் 7,200.

2019 ஜூனில் இதே ஓஎம்ஆரில் தண்ணீர் இல்லாமல் கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது நினைவிருக்கிறதா? அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. மனிதனை வீட்டுக்கு அனுப்பலாம். சர்வரை எங்கே அனுப்புவீர்கள்? அப்படி ஒரு கோடை திரும்ப வந்தால் முதல் குடம் யாருக்கு, கடைசிக் குடம் யாருக்கு என்று யார் முடிவு செய்து வைத்திருக்கிறார்கள்?

குடம் என்றதும் ஞாபகம் வருகிறது. அன்று மனையில் பந்தல் போட்டுப் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தபோது, பக்கத்து ஊர் ஆயா ஒருவர் பச்சை பிளாஸ்டிக் குடத்தோடு வந்து போர்க் குழாயைத் திறந்தார். காவலாளி தடுத்தான். "கஸ்டமர் இருக்காங்க, அப்புறம் வா." ஆயா சண்டை போடவில்லை. குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி மண்ணில் வைத்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நான் பேச்சுக் கொடுத்தேன். முன்பெல்லாம் முப்பது அடியில் தண்ணீராம். இப்போது ஊர்க் கிணற்றில் ஆட்டுக்குட்டி விழுந்தாலும் நனையாதாம். கஸ்டமர்களாகிய நாங்கள் கை கழுவிய தண்ணீர் செம்மண்ணில் ஓடி அவர் காலருகே வந்து நின்றது.

அமெரிக்காவில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள், நாம் எதற்கும் அதைக் கேட்பவர்களாயிற்றே. வர்ஜீனியாவில் லவுடன் கவுண்டிதான் இந்தத் தொழிலின் தலைநகரம். நிலம் ஏக்கர் இருபது லட்சம் டாலரைத் தாண்டியது. கவுண்டிக்கு வரி கொட்டியது, வீட்டு வரி விகிதம்கூட இறங்கியது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தக் கவுண்டியே 2025 மார்ச்சில், இனி ஒவ்வொரு டேட்டா சென்டரும் தனி அனுமதிக்கு வர வேண்டும் என்று விதியை மாற்றியது. பக்கத்து பிரின்ஸ் வில்லியம் கவுண்டியில் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் டேட்டா சென்டர் நிலமாக மாற்ற 2023 டிசம்பரில் ஒப்புதல் தந்தார்கள். ஒரே தெருவில் நிலம் விற்க முன்வந்தவர்களும் விற்காதவர்களும் எதிரெதிர் அணியானார்கள். 2025 ஆகஸ்டில் ஒரு நீதிபதி அந்த ஒப்புதல் செல்லாது என்றார். இதற்கிடையே அந்த வட்டாரத்தின் மின் கட்டமைப்பான பிஜேஎம்மில் எதிர்கால மின்திறனுக்கான ஏல விலை 2024இல் ஒரே தாவலில் ஒன்பது மடங்கானது, பெரிய காரணங்களில் ஒன்று டேட்டா சென்டர். சர்வரை ஒருநாளும் கண்ணால் பார்க்காத வீட்டுக்காரர் பில் கட்டுகிறார். அங்கே வரியாவது கவுண்டிக்கு வந்தது. உங்கள் பஞ்சாயத்துக்கு என்ன வருகிறது என்று என்றைக்காவது கிராம சபையில் கேட்டதுண்டா?

கிட்டத்தில் இன்னொரு கதை. சிங்கப்பூர் 2019இல் புது டேட்டா சென்டர்களை நிறுத்தி வைத்தது. கரண்டும் இடமும் தாங்கவில்லை. தேவை பாலம் கடந்து மலேசியாவின் ஜொகூருக்குப் போயிற்று. அங்கே கூலாயில் ஒரு செம்பனைத் தோட்டத்தையே ஒய்டிஎல் நிறுவனம் டேட்டா சென்டர் பூங்காவாக மாற்றி வருகிறது. மலேசியத் தோட்டம் என்றால் தமிழனுக்கு வேறொரு நினைவும் வர வேண்டும். தோட்டங்கள் கைமாறி வீட்டுமனையும் கோல்ஃப் மைதானமும் ஆனபோது, லயத்துத் தமிழர்கள் வேலையையும் வீட்டையும் சேர்த்தே இழந்தார்கள். அந்த விற்பனைகளிலும் யாருக்கோ யோகம் அடித்தது.

"நீயும் செல்போனில் ஜிபே போடுகிறாயே" என்று மைத்துனன் மடக்கினான். போடுகிறேன். டேட்டா சென்டர் வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். சோறு வேண்டும் என்பதால் உழுகிறவனைப் பட்டினி போடலாம் என்று ஆகுமா? எங்கே கட்டுவது, எந்தத் தண்ணீர், சுத்திகரித்த கழிவுநீரா நிலத்தடி நீரா, எவ்வளவு கரண்ட், யார் தலையில் செலவு என்று ஊரார் முன் எழுதி ஒட்டச் சொல்வது முன்னேற்றத்துக்கு விரோதமா? எழுதி ஒட்டினால் ஓடிவிடும் முதலீடு என்றால், அது எதைப் பார்த்து வந்தது?

நிலத்தைப் பற்றி ஒன்று. நான் மனை பார்த்த இதே செங்கல்பட்டின் கலெக்டராக இருந்த திரமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்கள் எப்படி நிலமற்றவர்களாக வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று 1891இல் அறிக்கை எழுதினார். அதன் விளைவாகத்தான் 1892இல் அவர்களுக்குப் பஞ்சமி நிலம் வழங்க உத்தரவானது. முதல் பத்து ஆண்டு விற்கக் கூடாது, பிறகும் அந்த மக்களுக்குள்தான் கைமாறலாம், மீறினால் விற்பனை செல்லாது. அத்தனை தெளிவான நிபந்தனை. என்ன ஆயிற்று? கடனுக்கும் மிரட்டலுக்கும் ஏக்கர் ஏக்கராகக் கைமாறிற்று. 1994 அக்டோபரில், இதே செங்கல்பட்டுப் பக்கத்துக் காரணையில் நடந்த பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். டேட்டா சென்டர் வந்து இந்த வட்டாரத்தில் விலை ஏற ஏற, பழைய திருட்டுகளின் மேல் புதுப் பத்திரங்கள் அடுக்கடுக்காக ஏறும். வில்லங்கச் சான்றில் வாஸ்து தெரியாது, வன்முறையும் தெரியாது. வாங்குகிறவர்தான் தோண்டிப் பார்க்க வேண்டும். "எனக்குத் தெரியாது" என்பது தெரிந்துகொள்ள முடியாதவன் சொல்லலாம். கூகுள் மேப்பில் மனையின் மூலையை அளக்கத் தெரிந்தவர் சொல்லலாமா?

மறுவாரம் அந்தத் தம்பி போன் செய்தான். "சார், கார்னர் மனை ஒண்ணு கேன்சல் ஆகியிருக்கு. உங்களுக்காக ஹோல்டு பண்ணியிருக்கேன்."

"தாய்ப்பத்திரம் அனுப்புப்பா. ஏ ரெஜிஸ்டர் நகலும் வேணும்."

"முப்பது வருஷத்து டாக்குமெண்ட் கிளியரா இருக்கு சார். பேங்க் லோனே கிடைக்கும். உங்களுக்கு எதுலேர்ந்து வேணும்?"

"1892லேர்ந்து."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பக்கத்தில் யாரிடமோ கேட்கிறான். பிறகு மெதுவாக, "சார், மேனேஜர் உங்க ஊர் எதுன்னு கேக்குறார்" என்றான்.