காத்திருப்பு யாருடையது?

ஜொகூர் பாருவில் குடியிருந்து சிங்கப்பூருக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்களிடம் மளிகை வாங்குவதைப் பற்றிக் கேட்டால், "நேரம் எங்கங்க இருக்கு?" என்பார்கள். உண்மைதான். பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நெரிசலில் அதைத் தாண்ட ஒரு மணி நேரம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். காலைச் சந்தையில் கீரைக்கட்டுகளை அடுக்கும் நேரத்தில் நாங்கள் குடிநுழைவு வரிசையில் நிற்கிறோம். வீடு திரும்பும்போது சந்தையைக் கழுவிவிட்டுப் போயிருப்பார்கள். அதனால் பேருந்துக்கு நிற்கும்போதே கைப்பேசியில் அரிசி, பருப்பு, வெங்காயம் என்று தட்டிவிடுகிறேன். இதைச் சோம்பேறித்தனம் என்பவர்கள் ஒரு வாரம் எங்களோடு அந்த வரிசையில் நின்று பார்க்கட்டும்.

ஆக, இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு. வரும். என்னைத் தொந்தரவு செய்வது அதற்கடுத்த கேள்வி: நான் மிச்சப்படுத்திய நேரம் எங்கிருந்து வந்தது?

2011இல் தென்கொரியாவின் சோல் நகரில், டெஸ்கோவின் ஹோம்பிளஸ் நிறுவனம் ஒரு சுரங்க ரயில் நிலையத்தின் சுவர்களில் கடை அலமாரிகளின் படங்களை ஒட்டியது. ரயிலுக்கு நிற்பவர்கள் படத்துக்குக் கீழிருந்த கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்தால் பால், முட்டை எல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். அந்த ஆண்டு கான் விளம்பர விழாவில் அதற்குப் பெரும்பரிசு கிடைத்தது. வீணாகும் காத்திருப்பைக் கடையாக மாற்றிய யோசனை என்று இன்றைக்கும் பாராட்டுகிறார்கள். சுவரில் இருந்தது படம் மட்டும்தான். உண்மையான பாலை ஓர் ஆள் எடுத்து, பையில் போட்டு, சுமந்து கொண்டுவர வேண்டும். அந்த ஆளின் நேரம் படத்தில் இல்லை.

அந்த ஆளைப் பற்றி யோசித்தால் காத்திருப்பு ஒழியவில்லை, கைமாறியிருக்கிறது என்று தெரிகிறது. கடை வரிசையில் நான் நிற்காததால் எனக்குப் பதில் வேறொருவர் நிற்கிறார். பிறகு எங்கள் அடுக்குமாடியின் காவல் சாவடியில் பெயர் எழுத நிற்கிறார். லிப்ட்டுக்கு நிற்கிறார். நான் போனை எடுக்கும்வரை கதவுக்கு வெளியே நிற்கிறார். பெரும்பாலும் ஒரு டெலிவரிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அப்படியென்றால் லிப்ட்டுக்காக நின்ற பத்து நிமிடம் அவர் பையிலிருந்து போகிறது.

"காசு குடுக்கிறோம்ல? அவருக்கும் பொழப்பு ஓடுதுல்ல?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாளைக்கே நான் செயலியை அழித்துவிட்டால் அவருடைய சுமை குறையாது, வருமானம்தான் குறையும். ஒதுங்கிக்கொள்வதை அறம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தோட்டத்துக்குப் பக்கத்து மளிகைக் கடைகளிலும் அரிசி மூட்டை சைக்கிளில் வீட்டுக்கு வந்த காலம் உண்டு. ஆனால் அங்கே 555 புத்தகம் இருந்தது. கடைக்காரர் கணக்கை அதில் எழுதிக்கொண்டு சம்பள நாள்வரை பொறுத்திருப்பார். சரக்கு வரவில்லையென்றால் நாம் பொறுத்திருப்போம். அதிலும் வட்டி உண்டு, ஏமாற்று உண்டு. பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பக்கமும் காத்திருந்தார்கள். ஒருவர் காத்திருப்பது மற்றவருக்குத் தெரிந்தும் இருந்தது. செயலியில் எனக்குத் தெரிவதெல்லாம் வரைபடத்தில் நகரும் ஒரு சின்ன மோட்டார் சைக்கிள். அது நின்றுவிட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. அது ஏன் நின்றது என்று கேட்கத் தோன்றுவதில்லை.

சட்டம் கொஞ்சம் விழித்துக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல் இப்படிப்பட்ட ஊழியர்களுக்கு வேலையிடக் காய இழப்பீடும் மத்திய சேமநிதிப் பாதுகாப்பும் சட்டப்படி உண்டு. மலேசிய நாடாளுமன்றமும் அதே ஆண்டு கிக் தொழிலாளர்களுக்கான சட்டத்தை நிறைவேற்றியது. இரண்டும் தேவையானவை. ஆனால் என் வீட்டு லிப்ட் முன்னால் போகும் பத்து நிமிடத்தை எந்தச் சட்டமும் எண்ணிக்கொண்டிருக்காது. அதை எண்ண வேண்டியவன் நான்.

எண்ணினால் செய்வதற்குச் சில காரியங்கள் இருக்கின்றன. "இப்பவே வேணும்" என்பதை விட்டு நாளை மாலை என்று அகலமான நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கத்தரிக்காய் இல்லையென்றால் என்ன எடுப்பது என்று முன்கூட்டியே குறித்துவிட்டால் கடையில் ஒருவர் என் பதிலுக்காக நிற்க வேண்டியதில்லை. ஜாகாவிடம் முன்பே சொல்லிவைக்கலாம். பத்து கிலோ அரிசியைக் கீழே இறங்கிப்போய் வாங்கிக்கொள்ளலாம். களைத்து வந்த உடம்புக்கு இது கஷ்டம்தான். அவரும் காலையிலிருந்து களைத்தவர்தான்.

இதனால் உலகம் மாறிவிடாது. விடியுமுன் எழுந்து இருட்டில் திரும்பும் வாழ்க்கை ஏன் எனக்கும் அவருக்கும் வாய்த்தது என்ற பெரிய கேள்வி அப்படியே இருக்கும். ஆனால் அவர் நின்ற பத்து நிமிடத்தை மிச்சம் என்று எழுதாமல் கடன் என்று எழுதுவதற்காவது எனக்கு ஒரு 555 புத்தகம் வேண்டும்.