கேட்டது கிடைத்தால்…

'வேண்டியதைக் கேள், தருகிறேன்' என்று ஒரு தேவதை முன்வந்து நின்றால் எதைக் கேட்பது? இவ்வினாவைச் சுற்றிப் பின்னிய கதைகளைக் குழந்தைகள் எக்காலத்தும் விரும்பிக் கேட்கின்றனர். செஞ்சி, திண்டிவனம், வந்தவாசிப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து கல்விக்காகவும் அலுவலுக்காகவும் புதுவையில் குடியேறிய நம் குடும்பங்களிலும் விடுமுறை நாள்களில் பிள்ளைகள் நாடுவது இத்தகைய மாயக் கதைகளையே. 'நடவாததைப் படித்தால் மனம் கெடாதா?' எனப் பெற்றோர் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் வேண்டுவதில்லை, ஆனால் அக்கதைகள் நின்றுவிடும் இடத்திற்கு அப்பாலும் நம் அறம் செல்கிறது என்பதே நம் கருத்து.

இங்கிலாந்தின் எடித் நெஸ்பிட் 1902-இல் வெளியிட்ட 'ஐந்து குழந்தைகளும் அதுவும்' என்னும் நூலில், சரளைக் குழியைத் தோண்டும் சிறுவர்களுக்கு ஒரு மணல் தேவதை அகப்படுகிறது. நாளுக்கு ஒரு வரம். பொழுது சாய்ந்தால் அதன் பயன் மறையும். பேரழகு கேட்கின்றனர், சொந்தத் தம்பியே அடையாளம் அறியாது அழுகிறான், வீட்டுக் கதவும் திறக்கவில்லை. குழி நிறையப் பொன் கேட்கின்றனர். வழக்கொழிந்த காசென்று கடைக்காரர் வாங்க மறுக்கின்றனர்.

நம் புதுவையில் பிரெஞ்சு வணிகக் குழுவின் பிரான்சுவா மர்த்தேன் நிலைகொண்டது 1674-இல். நான்காண்டு கழித்து, 1678-இல், பிரெஞ்சுக் கவிஞர் லஃபோந்தேன் வெளியிட்ட நீதிக்கதைகளுள் 'விருப்பங்கள்' என்பது ஒன்று. அக்கதை நிகழ்வது பிரான்சில் அன்று, நம் கங்கைக்கரையருகே. தோட்டத்தைப் பேணிவந்த பூதமொன்று விடைபெறும்போது வீட்டாருக்கு மூன்று வரம் அளிக்கிறது. முதலில் செல்வம் கேட்கின்றனர். களஞ்சியம் நிறைகிறது, கூடவே கள்வரின் சூழ்ச்சியும், கடன் கேட்போர் கூட்டமும், அரசன் வரியும் வருகின்றன. 'பழைய நிலையே போதும்' என்பது இரண்டாம் வரம். மூன்றாவதாக அறிவைக் கேட்டு அமைதி பெறுகின்றனர்.

இதற்கு மிக முன்னரே, 1199-இல், பூர்ணபத்திரர் என்னும் ஜைன முனிவர் பஞ்சதந்திரத்தைத் திருத்தியமைத்தார். அதில் வரும் நெசவாளி, இருமடங்கு நெய்யலாமென்று மனைவி சொற்கேட்டு, இன்னொரு தலையும் இன்னும் இரு கைகளும் வரமாகப் பெறுகிறான். அரக்கனென்று கருதி ஊரார் அவனை அடித்தே கொன்றுவிடுகின்றனர்.

இவற்றைக் கேட்ட குழந்தை என்ன முடிவுக்கு வரும்? 'அவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. நானாக இருந்தால் சரியாகக் கேட்டிருப்பேன்' என்றே எண்ணும். பிழை கேட்ட பொருளில் மட்டுந்தானா, கேட்டதிலேயே உண்டா? நாம் சிந்திக்கவேண்டிய இடம் இதுவே.

தவத்தையோ விரதத்தையோ விலையாக வைத்து ஒரு பயனை விரும்புவதை நம் ஆகமங்கள் 'நிதானம்' என்கின்றன. பேச்சுவழக்கில் பொறுமையைக் குறிக்கும் நிதானம் வேறு. மாயை, மித்தை, நிதானம் ஆகிய மூன்றும் சல்லியங்கள், அதாவது உள்ளே தைத்த முட்கள். இவை நீங்கினாலன்றி ஒருவர் விரதியாகார்.

சூளாமணி நாயகன் திவிட்டன் முற்பிறவியில் விசுவநந்தி என்னும் முனிவர். தவத்தால் மெலிந்து நடந்த அவரைப் பசு ஒன்று முட்டித் தள்ளியது. பழம்பகைவன் விசாகநந்தி அதுகண்டு நகைத்தான். அவனைக் கொல்லும் வலிமை வேண்டுமென்று முனிவர் நிதானம் செய்தார். தேவலோக வாழ்வுக்குப் பின் திவிட்டனாகப் பிறந்து, அச்சுவகண்டனாகப் பிறந்திருந்த அப்பகைவனைக் கொன்றார். முடிவில் எய்தியது ஏழாம் நரகம். இங்கே வரம் தந்த பூதம் எதுவுமில்லை. கேட்டதில் சொற்பிழையும் இல்லை. கேட்டது கேட்டபடியே கிடைத்தது. கேடு வந்ததும் அதனாலேயே. அவ்வுயிரே பல பிறவிகள் கடந்து வர்த்தமானராக வீடுபெற்றது என்பது நமக்கு ஆறுதல்.

தீயதைக் கேட்டால் தீங்கு. நல்லதைக் கேட்டால் என்ன என்று வினவலாம். போகபூமியில் பத்துவகைக் கற்பக மரங்கள் உணவும் உடையும் அணியும் ஒளியும் தந்தன. பசியில்லை, உழைப்பில்லை. ஆயினும் அங்கிருந்து எவரும் வீடுபேறு எய்துவதில்லை. விரதம் பூணவும் அங்கு இடமில்லை. அம்மரங்கள் வற்றியபோது கலங்கிய மக்களுக்கு விருஷபதேவர் வேறொரு மரத்தைத் தரவில்லை. வாள், எழுத்து, உழவு, கலை, வணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களைக் கற்பித்தார். கற்பகம் ஒழிந்த பின்னரே வீட்டுநெறி திறந்தது. தலைமுறை தலைமுறையாக ஏர்பிடித்த நம் முன்னோர்க்கு இதன் பொருள் நன்கு விளங்கியிருக்கும்.

அவ்வாறாயின் ஆசைப்படுவதே குற்றமோ? அன்று. கற்கவேண்டும் என்னும் விருப்பம் பிள்ளையைப் புத்தகத்தின் முன் அமர்த்துமானால் அது முயற்சியின் வித்து. 'இத்தனை மதிப்பெண் வந்தால் இத்தனை அபிஷேகம்' என்று தேர்வுக்காலத்தில் பெற்றோராகிய நாமே பேரம் பேசும்போதுதான் முள் தைக்கிறது. விருப்பு வெறுப்பு நீங்கிய அருகன் தருவதுமில்லை, பெறுவதுமில்லை. அவர்தம் குணங்கள் நம்மிடம் வளரவேண்டுமென்றே வணங்குகிறோம். பேரம் பேசும் நம்மைக் காணும் பிள்ளை, அருகனையும் மணல் தேவதையையும் ஒன்றாகவே கருதும்.

ஆதலால் மாயக் கதைகளைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்கவேண்டா. படித்து முடித்ததும் அருகமர்ந்து மூன்று வினாக்கள் கேட்போம்: 'அவர்கள் கேட்டதை உழைத்துப் பெறமுடியுமா? முடியுமெனில் தேவதை எதற்கு? முடியாதெனில் அது தேவைதானா?' அதே வினாக்களை, கோயிலில் கைகுவிக்கும் முன் நம்மையும் ஒருமுறை கேட்டுக்கொள்வோமாக.