தடயமும் இருப்பும்

மரபணுக் கணக்கின்படி கடற்பஞ்சுகள் சுமார் 70 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். பாறைகளில் ஐயத்துக்கிடமின்றிக் கிடைக்கும் அவற்றின் சிலிக்கா முட்களோ கேம்பிரியன் தொடக்கத்தவை. சுமார் 54 கோடி ஆண்டுப் பழமைதான். இடைப்பட்ட காலத்தில் அவை இருந்தனவா?

வங்கிக் குமாஸ்தாவான எனக்குப் பதில் சுலபம்: பேரேட்டில் ஏறாதது நடக்கவில்லை. உத்தியோகத்துக்கு இந்தத் தர்க்கம் போதும். உலகத்துக்குப் போதாது என்று தோன்றுகிறது.

2024இல் தென்சீனப் பாறையிலிருந்து ஹெலிகோலோசெல்லஸ் என்ற கடற்பஞ்சு விவரிக்கப்பட்டது. வயது சுமார் 55 கோடி ஆண்டு. அதில் கனிம முட்கள் இல்லை. ஆதிக் கடற்பஞ்சுகள் மெல்லுடலோடு வாழ்ந்து, தடயமின்றிக் கரைந்திருக்கலாம். முள் பிற்பாடு வந்திருக்கலாம். பாறை நினைவில் வைப்பது பெரும்பாலும் கடினமானதைத்தான். இலக்கிய வரலாறும் அப்படியே. அச்சேறியது நிற்கிறது, பேச்சோடு போனது போயிற்று.

இதனால் வெறுமையை இஷ்டப்படி நிரப்பிக்கொள்ளலாம் என்றாகாது. கனடாவின் 89 கோடி ஆண்டுப் பழைய பாறையில் தெரிந்த நுண்வலை கடற்பஞ்சாக இருக்கக்கூடும் என்று 2021இல் எலிசபெத் டர்னர் எழுதினார். ஐயுற்றவர்கள் உண்டு, அந்த ஐயமும் நேர்மையானதே. காணாததை இல்லையென்பதும், விரும்பியதைக் கண்டேனென்பதும் ஒரே அவசரத்தின் இரு முகங்கள். வெற்றுப் பக்கத்தைக் கிழிக்காமலும், அதில் பொய்க்கணக்கு எழுதாமலும் வைத்திருப்பதுதான் விமர்சகனின் அறம்.