பூட்டிய காம்பரா

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் அறிந்த ஒரு தாய் இருக்கிறாள். வயது எண்பதை நெருங்குகிறது. பெற்ற மகளை அக்காள் என்று அழைக்கிறாள். மருத்துவர் இதனை முதுமை மறதி நோய் என்பர். லயத்தார் புத்தி தடுமாறிவிட்டது என்பர். ஆனால் விடியுமுன் எழுந்து, கொழுந்துக் கூடையைத் தேடி, "பெரட்டுத் தப்பு அடிச்சிருச்சு" என்று அவள் புறப்படுகிறாள். அங்கே தப்பு ஓய்ந்து ஆண்டுகள் பலவாயின. இரண்டு முறை கானில் விழுந்து கிடந்த பிறகு, மகள் காம்பராவை வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறாள்.

பெற்றவளைப் பூட்டி வைப்பதா என்று லயத்தில் பேச்சு எழுகிறது. பெற்றோரைப் பேணுதல் அறம் என்று வகுப்பறையில் கற்பிக்கும் நாமும் அதையே கேட்கிறோம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் அவ்வாறே பேசுகிறது: பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கலாகாது, பேணுவது அவர்கள் கடமை. பிள்ளையும் புகலிடமும் அற்ற ஏழை முதியோருக்கே அரசு தங்குமிடம் தரும். நமது மூதாட்டிக்கோ மகள் இருக்கிறாள். ஆகவே அரசின் கடன் தீர்ந்தது!

'வேண்டுமென்றே' என்ற சொல்லைச் சற்று நிறுத்துப் பார்ப்போம். மலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளமில்லை. குறித்த அளவு கொழுந்து கொய்யாவிட்டால் அரைப் பேர். நாட்கூலி ஆயிரம் ரூபாவாக 2021இல் நிர்ணயிக்கப்பட்டதும் நீண்ட போராட்டத்தின் பின்னரே. தாயோடு இருந்தால் அடுப்பு எரியாது. இதில் விருப்பம் எங்கே? பூட்டுவது சரியென்று நான் வாதிக்கவில்லை. லயத்தில் தீப்பற்றினால் அந்தப் பூட்டே எமனாகும். வேறு வீடுகளில் பூட்டுக்குப் பதிலாகப் பேத்தியின் படிப்பு நிற்கிறது. வரவுப் பதிவேட்டில் ஆசிரியர்கள் அதனைக் காணாமலில்லை. (மகன்மாரின் பெயர் இக்கணக்கில் வருவதேயில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

அதே தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா உண்டு. கைக்குழந்தையை விட இடமிருந்தால்தான் தாய் மலையேறுவாள் என்பதை வெள்ளைத் துரைமாரே அறிந்திருந்தனர். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. பிள்ளைக் காம்பரா நிலைத்தது. குழந்தை நாளைய உழைப்பாளி, தாய் இன்றைய உழைப்பாளி. கிழவி உழைத்து முடித்தவள்.

அவளுடைய சிதைந்த மனத்தில் எஞ்சியிருப்பது எது? மகளின் பெயரன்று, பெரட்டு நேரம். ஓர் உயிரின் அடிமனம் வரை தன் நேரத்தைப் பதித்துவிட்ட தொழில், அவ்வுயிர் தளர்ந்ததும் 'அது குடும்ப விஷயம்' என்று விலகி நிற்பது எந்த அறம்?

முதியோரைப் பிறரிடம் ஒப்படைப்பது நம் பண்பாடன்று என்பார் உளர். பிள்ளைக் காம்பராவினால் தாய்ப்பாசம் வற்றியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. மாலையில் கதவைத் திறந்து, நனைந்த சேலையை மாற்றி, சோறூட்டி, அக்காளாகவே நின்று பதில் சொல்லும் மகளிடம் அன்புக்குக் குறைவில்லை. அவளிடம் இல்லாதது அந்தப் பகற்பொழுது. பிள்ளைக் காம்பராவை ஒட்டி ஓர் அறையும், வேலையிலிருந்து நின்ற பெண்கள் இருவரும் போதும். அவர்களுக்கும் செக்ரோலில் முழுப் பேர் விழவேண்டும்.